வீட்டு மராமத்தும் பழம்பொருள்களின் மறுபயனும்

கடன் வாங்கிக் கிணறு வெட்டினால், அந்தக் கிணறே கடனை அடைக்க உதவும். கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்தால், பால் வட்டியைக் கட்டும். கடன் வாங்கி வீட்டைக் கட்டினாலோ, அந்தக் கடனை அடைக்க வேண்டியது வயலேயாகும். ஆதலால் விவசாயியின் வீட்டுச் செலவில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் அவருடைய நிலத்துக்குச் சேர்ந்த ரூபாய் என்றே கொள்ள வேண்டும்.

இன்று நம் கிராமங்களில் நடப்பதென்ன? ஓடு போட்ட பழைய வீடு ஒழுகுகிறது. சுவரில் காரை உதிர்கிறது. உடனே இயந்திரத்தைக் கொண்டுவந்து அரை நாளில் வீட்டைத் தரைமட்டமாக்கிவிடுகிறார்கள். தூணும் கதவும் உத்திரமும் மொத்தமாக ஒரு விலைக்கு வியாபாரியிடம் போகின்றன. உடைந்த செங்கல்லும் ஓடும் குளக்கரையில் கொட்டப்படுகின்றன. அடுத்த வாரமே அதே குடும்பத்தார் செங்கல்லுக்கும் மரத்துக்கும் மணலுக்கும் முன்பணம் கொடுக்கச் செல்கிறார்கள். தம் வீட்டில் இருந்ததையே விற்று, அதனினும் தரம் குறைந்ததைப் பன்மடங்கு விலைக்கு வாங்கும் இவ்வழக்கம் மாற வேண்டும். பழைய வீட்டை எவ்வாறு சோதிப்பது, எவ்வாறு பிரிப்பது, எப்பொருளை எங்கே மீண்டும் வைப்பது, எதனை வைக்கலாகாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இடிப்பதா, செப்பனிடுவதா?

பழைய வீட்டின் முதற்பகை தண்ணீர். சுவர் பொரிவதற்கும், மரம் உளுத்துப்போவதற்கும், கரையான் ஏறுவதற்கும் பெரும்பாலும் ஈரமே காரணம். ஆகவே வீட்டைச் சோதிப்பவர் முதலில் கூரையையும், அடுத்து வீட்டைச் சுற்றியுள்ள தரையையும் பார்க்க வேண்டும். தெருவைப் பலமுறை மண்ணிட்டு உயர்த்தியதால் வீட்டின் தரை தாழ்ந்துவிட்ட இடங்கள் அநேகம். அங்கே மழைநீர் சுவரடியில் தேங்கி, சுவர் வழியே மேலேறும். சுவரடியில் தண்ணீர் தேங்காதவாறு வாட்டம் கொடுத்து, வடிகால் அமைத்து, உடைந்த ஓடுகளையும் மாற்றிவிட்டால், இடிக்க வேண்டும் என்று எண்ணிய வீடு இன்னும் பல ஆண்டு நிற்கக்கூடும்.

வெடிப்புகள் எல்லாம் ஆபத்தானவை அல்ல. பூச்சில் மட்டும் மயிரிழைபோல் ஓடும் வெடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. சுவரை ஊடுருவி, கீழே குறுகியும் மேலே அகன்றும் செல்லும் வெடிப்பையே கவனிக்க வேண்டும். அதன் குறுக்கே சிறிது சாந்து பூசித் தேதியை எழுதி வையுங்கள். சில மாதங்களில் அந்தப் பூச்சு பிளவுபட்டால், அடித்தளம் இன்னும் அசைகிறது என்று பொருள். அப்போது பொறியாளரின் ஆலோசனை இன்றியமையாதது. பிளவுபடாவிட்டால், வெடிப்பை அடைத்துவிட்டு வேறு வேலைகளைக் கவனிக்கலாம்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவரும், மண் சுவரும் தம்முள் புகுந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும் இயல்பு உடையவை. அவற்றின்மேல் கெட்டியாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் அந்தப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பின்னால் இருக்கும் செங்கல்லையும் உடன் கொண்டு வரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே தக்க மருந்தாகும்.

வீட்டில் உள்ள சரக்கின் கணக்கு

சோதனைக்குப் பின்னும் பிரித்தே தீர வேண்டும் என்று முடிவானால், கடப்பாறையைத் தொடுமுன் தாளையும் பென்சிலையும் எடுக்க வேண்டும். உதாரணமாக, 20 அடி நீளமும் 15 அடி அகலமும், 9 அடி உயரச் சுவரும், இருபுறம் சரிந்த ஓட்டுக் கூரையும் உள்ள சிறு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஒன்பது அங்குலச் சுவரில் 10 அடிக்கு 10 அடிப் பரப்புக்குச் சுமார் 1,000 செங்கல் அடங்கும். அந்தக் கணக்கில், கதவு ஜன்னல்களுக்கான இடத்தைக் கழித்த பின்னரும், இச்சிறு வீட்டின் வெளிச் சுவர்களில் மட்டும் 5,000 செங்கல்லுக்குக் குறையாது. கல் ஒன்றுக்கு 3 கிலோ என்று வைத்தாலும் எடை 15 டன் ஆகிறது. கூரையில் மங்களூர் ஓடு 100 சதுர அடிக்குச் சேதாரம் உட்பட 150 வீதம், இறவாரத்தையும் சேர்த்து, சுமார் 800 இருக்கும். இவற்றோடு கைமரங்கள், முகட்டு விட்டம், நிலைகள், கதவுகள், படிக்கற்கள், அடித்தளத்துக் கருங்கல் ஆகியவையும் உள்ளன.

செங்கல்லில் பாதியே முழுதாகக் கிடைக்கிறது என்று கொள்வோம். 2,500 கல்லைக் கொண்டு 250 சதுர அடிச் சுவரை மீண்டும் எழுப்பலாம். மறுபாதியும் வீணன்று, அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

இக்கணக்கை வேறொரு வகையிலும் பார்க்க வேண்டும். 5,000 செங்கல் அறுக்க வேண்டுமானால், ஓரடி ஆழத்துக்கு ஏறத்தாழ முக்கால் சென்ட் நிலத்தின் மண்ணை எடுத்தாக வேண்டும். அந்த மேல்மண்ணே பயிரை வளர்ப்பது. ஆற்று மணலும் அவ்வாறே. ஆற்றில் கிடக்கும் மணல் மழைநீரை உறிஞ்சி வைத்து, இருகரைக் கிணறுகளுக்கும் மெல்ல ஊட்டும் இயற்கையின் தொட்டியாகும். மணல் போன ஆற்றில் வெள்ளம் ஒரே நாளில் ஓடிப்போகும். கோடையில் கிணற்று நீர் இறங்கும். மணல் எடுப்பது மிகுந்து பெருந்தீங்காக வளர்ந்ததனால், தமிழ்நாடு அரசு 2003ஆம் ஆண்டில் ஆற்று மணல் குவாரிகளைத் தானே ஏற்று நடத்த முற்பட்டது. எனவே பழைய செங்கல் ஒன்றை மீண்டும் சுவரில் வைக்கும் விவசாயி, தம் பணத்தை மட்டுமின்றித் தம் வயலையும் கிணற்றையும் காக்கிறார்.

பிரிக்கும் முறை

கட்டியதற்கு நேர்மாறான வரிசையில் பிரிக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. கடைசியாக வைத்தது முதலில் வர வேண்டும். இதற்கு உகந்த காலம் தை அறுவடை முடிந்து, கோடை மழை தொடங்குவதற்கு முன் உள்ள நாட்களாகும். ஆட்களும் கிடைப்பர், பொருள்களும் நனையா.

1. மின் இணைப்பை முறைப்படி துண்டித்த பின்னரே எந்த வேலையையும் தொடங்க வேண்டும்.

2. கதவு, ஜன்னல் கதவு, அலமாரிப் பலகை, பரண் ஆகியவற்றைக் கழற்றுக. கீல், தாழ்ப்பாள், நாதாங்கி முதலியவற்றை ஒரு பெட்டியில் இட்டு வைக்க.

3. முகட்டு ஓட்டிலிருந்து தொடங்கி, கூரையின் இரு சரிவுகளையும் சமமாகப் பிரித்துக்கொண்டே வருக. ஒரு பக்கத்தை மட்டும் முழுதும் இறக்கினால் பாரம் ஒருபுறமாகச் சாய்ந்து கைமரங்கள் புரளும். ஓட்டைக் கீழே எறியாமல், ஆள் மாற்றி ஆள் கையால் இறக்க வேண்டும்.

4. கைமரங்களை இறக்குமுன் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் இடம் 1, இடம் 2, வலம் 1, வலம் 2 என்று குறிக்க. மீண்டும் கூரை ஏற்றும்போது தச்சருக்கு இது பெரும் உதவியாகும்.

5. சுவரைத் தள்ளி வீழ்த்தலாகாது. மேல் வரிசையிலிருந்து வரிசை வரிசையாக எடுக்க வேண்டும். நிலைக்கு மேலுள்ள சுவர் இறங்கிய பின்னரே நிலையை எடுக்க வேண்டும். அண்டை வீட்டாருடன் பொதுச் சுவர் இருப்பின் அதற்கு முட்டுக் கொடுத்து, அவர்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

6. எடுத்த பொருளை அன்றன்றே தரம் பிரித்து அடுக்க வேண்டும். மரத்தைத் தரையில் போடாமல் செங்கல் மேடையின்மீது, வரிசைக்கு வரிசை இடைக்கட்டை வைத்து, நிழலில் அடுக்குக. காற்றோட்டம் இல்லாத அடுக்கில் மழைக்கு முன்பே கரையான் புகும்.

இம்முறைக்குக் கூலி அதிகம் என்று கூறுவோர் உளர். இயந்திரத்தின் வாடகையோடு, அது நொறுக்கிவிடும் 2,500 செங்கல், 800 ஓடு ஆகியவற்றின் விலையையும், கழிவை அகற்றும் வண்டிக் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மை விளங்கும். மேலும் அந்தக் கூலி நம் ஊர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சேருகிறது.

செங்கல்: தேர்வும் பயனும்

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் எளிதில் முழுதாகக் கழன்று வரும். கரண்டியால் சுரண்டினாலே சாந்து உதிரும். சிமெண்டில் கட்டியதோ, சாந்து விடுமுன் கல்லே உடையும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடுகளில் மறுபயன் மிகுதியாகக் கிடைப்பதன் காரணம் இதுவே.

மீண்டும் சுவரில் வைக்கும் கல்லுக்கு நான்கு எளிய சோதனைகள் உண்டு. இரு கற்களை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் பள்ளம் விழலாகாது. சுமார் மூன்றடி உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையலாகாது. உலர்ந்த கல்லை எடையிட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறவைத்து மீண்டும் எடையிட்டால், எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடலாகாது. இவற்றோடு உவர்ச் சோதனையும் செய்க. கல்லைச் சிறிது நீருள்ள தட்டில் நிற்க வைத்து, நீர் முழுதும் உறிஞ்சப்பட்டுக் காயும்வரை விடுக. மேலே வெண்மையாக உப்புப் பூத்தால், அக்கல்லைச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் ஈரம் படும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

தேறிய கற்கள் அளவில் ஒத்திருந்தால், எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைக் கையாளலாம். கல்லைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டுக் கட்டும் முறை இது. சுவரின் பருமன் ஒன்பது அங்குலமாகவே இருக்கும். செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். முன் கூறிய 2,500 கல் 250 சதுர அடிக்குப் பதிலாகச் சுமார் 330 சதுர அடிக்கு வரும். நடுவில் உள்ள காற்றுப் பொந்து வெயிலின் சூட்டையும் ஓரளவு தடுக்கும். கையால் அறுத்த பழைய நாட்டுக்கல் ஏறுமாறாக இருந்தால் இம்முறை ஒத்துவராது. அவற்றை வழக்கமான கட்டிலேயே வைக்க வேண்டும்.

உடைந்த கல்லுக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, தரைக்கு அடியில் திமிசு போட்டு இறுக்கும் நிரப்பாகப் பயன்படும். இரண்டாவது, ஒட்டு மாடியின்மேல் இடும் சுருக்கித் தளத்துக்கு ஜல்லியாகும். நம் மாநிலத்துப் பொதுப்பணி வேலைகளில் செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு என்பது நெடுங்கால வழக்கு. இதனை மரக் கட்டையால் நன்றாகத் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தால், மாடி ஒழுகாது, அறையும் குளிர்ச்சியாயிருக்கும். மூன்றாவது, நன்கு வெந்த துண்டுகளை இடித்துச் சலித்தால் சுர்க்கி என்னும் செங்கல் தூள் கிடைக்கும். சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் ஆகியவற்றை ஒவ்வொரு பங்காகச் சேர்த்து அரைத்த சாந்து, ஈரம் உள்ள இடத்திலும் இறுகும் தன்மை உடையது; மணலின் தேவையையும் குறைக்கும். ஆனால் இச்சாந்து மெல்ல இறுகுவது. ஒரு வாரத்துக்குக் குறையாமல் நீர் தெளித்து வர வேண்டும். சுண்ணாம்பைத் தாளிக்கும்போது கண்ணில் தெறிக்காதவாறு எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

ஓடு

மங்களூர் ஓட்டுத் தொழிலைப் பாசல் மிஷன் 1865ஆம் ஆண்டில் மங்களூரில் தொடங்கியது. அந்த வகை ஓடு இன்றும் தென்னாட்டுக் கிராமங்களில் உழைத்து வருகிறது. பாசி பிடித்துக் கறுத்த ஓட்டைக் கண்டு கெட்டுப்போயிற்று என்று முடிவு செய்யலாகாது. நீரில் ஊறவைத்துத் தேய்த்தபின், விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். தெளிந்த ஒலி தந்தால் நல்ல ஓடு. அடைத்த ஒலி தந்தால் உள்ளே கீறல் உண்டு. நல்ல ஓட்டைப் புதுக் கூரையின் ஒரு சரிவுக்கு முழுதாகப் பயன்படுத்துக. பழையதையும் புதியதையும் ஒரே சரிவில் கலந்தால், அச்சு வேறுபாட்டால் இடுக்கு விழுந்து ஒழுகும்.

ஒட்டு மாடி போடுவோருக்கும் பழைய ஓடு உதவும். கான்கிரீட் பலகையின் கீழ்ப்பாதி இழுவிசைக்கு உட்படுவது. அவ்விசையைத் தாங்குவது கம்பியேயன்றிக் கான்கிரீட் அன்று. ஆகவே கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பாதியில் பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் இட்டால், சிமெண்டும் ஜல்லியும் மிச்சப்படும். கூரையின் எடையும் குறையும். இந்த நிரப்பு ஓட்டுத் தளத்தைக் கேரளத்தில் பரவச் செய்தவர் லாரி பேக்கர் அவர்கள். 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறைந்த அக்கட்டடக் கலைஞர், இடித்த வீடுகளின் மரத்தையும் ஓட்டையும் கதவையும் தம் கட்டடங்களில் தாராளமாகக் கையாண்டவர். ஏழை வீட்டுக்கும் அழகு உண்டு என்பதைத் தம் வேலையால் காட்டியவர். எனினும், கம்பியின் கனத்தையும் இடைவெளியையும் பொறியாளரே கணக்கிட வேண்டும். மேஸ்திரியின் உத்தேசத்துக்கு விடத்தக்க வேலையன்று இது.

மரம்

பழைய மரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. பல்லாண்டு காய்ந்திருப்பதால் அது இனிச் சுருங்காது, கோணாது. நன்கு வைரமேறிய தேக்கு, வேம்பு, பனை முதலியவற்றுக்கு இணையான புது மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை.

உளி முனையால் குத்திப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவருக்குள் பதிந்திருந்த முனைகளே முதலில் கெடும். 12 அடி உத்திரத்தின் இரு முனையிலும் ஓரடி உளுத்திருந்தால், அதனை விறகுக்குத் தள்ளாமல், முனைகளை அறுத்து 10 அடி உத்திரமாகத் திண்ணைக் கூரைக்கு வைக்கலாம். அதற்கும் நீளம் போதாதது நிலையாகட்டும். நிலைக்கும் போதாதது ஜன்னல் சட்டமாகட்டும். அதற்கும் போதாதது அலமாரித் தட்டாகட்டும். நீண்ட மரத்தை அறுப்பது எளிது. அறுத்ததை நீட்டுதல் ஆகாது. ஆதலால் பெரிய வேலைக்குரிய மரங்களை ஒதுக்கிய பின்னரே சிறிய வேலைகளுக்கு எடுக்க வேண்டும்.

உத்திரத்தை வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 3 அங்குலமும் 6 அங்குலமும் உள்ள சட்டத்தை நிறுத்தி வைத்தால், படுக்க வைத்ததைப்போல் இரு மடங்கு பாரம் தாங்கும். வாளிடுமுன் ஆணிகளைத் தேடிப் பிடுங்க வேண்டும். மறைந்திருக்கும் ஒரே ஆணி வாளையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும். பனங்கைகளுக்கு முந்திரிக் கொட்டைத் தோட்டெண்ணெய் பூசும் வழக்கம் சில வட்டாரங்களில் உண்டு. பூச்சி அணுகாமைக்கு அது நல்லது. ஆயினும் உடலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதால் கையுறை இன்றித் தொடலாகாது.

விற்பனை பற்றியும் ஒரு சொல். செட்டிநாட்டில் பர்மாத் தேக்கால் அமைந்த பெருவீடுகள் பலவற்றைப் பிரித்து, தூண்களையும் கதவுகளையும் விற்கும் வாணிகம் காரைக்குடியில் பல ஆண்டுகளாக நடைபெறுகிறது. அங்கிருந்து அவை தொலைவிலுள்ள நகரங்களின் விடுதிகளையும் மாளிகைகளையும் அலங்கரிக்கச் செல்கின்றன. பழைய மரத்துக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. கிராமத்தில் விறகு விலைக்குப் போகும் செதுக்குக் கதவு நகரத்தில் கலைப்பொருளாகிறது. விற்றே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பொருளாக அளந்து, மர வகையை எழுதி, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்ட பின்னரே விற்க வேண்டும்.

பழைய மரத்தைப் புது வீட்டில் ஏற்றலாகாது என்று கூறுவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் மனத்துக்கு மாறாக நடக்க வேண்டியதில்லை. உத்திரமாக ஏற்ற விரும்பாதவர்கள் அதனையே பலகையாக அறுத்து அலமாரிக்கும் கட்டிலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் பயன்படுத்தலாம். மழையில் மட்கவிடுதலே தவறு.

உள்வீட்டு அமைப்பு

வீட்டின் உட்புறத்தை அழகாக்குவதற்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. வெளிச்சம், காற்று, பொருளுக்கு ஓர் இடம் ஆகிய மூன்றும் அமைந்தால் உள்வீடு தானே அழகு பெறும்.

இருண்ட சமையலறையின் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகளைச் செருகினால் பகலில் விளக்கு வேண்டாம். அரைச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டினால், ஜன்னல் செலவின்றிக் காற்றோட்டமுள்ள சல்லடைச் சுவர் கிடைக்கும். பழைய கதவுகள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. தலைவாசலுக்கு ஆகாவிட்டாலும் பண்டக அறைக்கும் சுவரலமாரிக்கும் பொருந்தும். அகன்ற ஒற்றைப் பலகைக் கதவு, குழந்தைகள் படிக்கும் மேசைக்கு மேற்பலகையாகும்.

நெல்லைக் களத்திலேயே விற்றுவிடும் வழக்கம் வந்தபின், பல வீடுகளில் பத்தாயம் வெறுமையாய் நிற்கிறது. கெட்டிப் பலகையால் ஆன அதற்குள் தட்டுகள் அமைத்து, முன்புறம் கதவு வைத்தால், துணிக்கும் பாத்திரத்துக்கும் ஏற்ற பேரலமாரி ஆகிவிடும். கடப்பைக் கல் தரையைப் பெயர்த்தால், உடையாத கல்லைச் சமையல் மேடைக்கும், உடைந்ததைக் குளியலறைத் தரைக்கும் சுவர்த் தட்டுக்கும் பயன்படுத்தலாம். தேய்ந்த அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறத்தில் நல்ல படிக்கற்களாகும்.

வீட்டின் உள்ளமைப்பைத் தீர்மானிக்கும்போது பெண்களைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும். அடுப்பின் உயரம், தண்ணீர்க் குடம் வைக்கும் இடம், பரணுக்குச் செல்லும் வழி ஆகியவற்றை நாள்தோறும் அவற்றோடு உழைப்பவரே அறிவர்.

மீண்டும் பயன்படுத்தலாகாதவை

சிக்கனம் என்பது உயிருக்கும் உடலுக்கும் தீங்கு தேடுவதன்று. பின்வருவனவற்றில் சற்றும் தளர்வு கூடாது.

கல்நார் கலந்த பழைய சிமெண்டு அட்டைகளை அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும் ஆபத்து. அதன் நுண்ணிய தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் கொடிய நோயை உண்டாக்கும். அகற்ற நேர்ந்தால் நன்றாக நனைத்து, முழு அட்டையாகவே இறக்க வேண்டும். கோழிக்கூண்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் உடைத்துப் போடலாகாது.

பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைப் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் வர்ணம் பூசிய கதவைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. நனைத்தே சுரண்ட வேண்டும். குழந்தைகளை அவ்விடத்தில் விடலாகாது. வர்ணம் பூசிய மரத்தை அடுப்பில் எரிப்பதும் தவறு.

துருவேறிய கம்பியையும் வளைந்த கம்பியையும் நிமிர்த்தி மீண்டும் தளத்தில் இடலாகாது. பழைய மின்கம்பி, சுவிட்சு ஆகியவற்றையும் திரும்ப மாட்டலாகாது. இவற்றைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுக.

அரசாங்கத் திட்டங்களில் முன்னர்க் கட்டிய தொகுப்பு வீடுகள் சிலவற்றில் கான்கிரீட் கூரையின் அடிப்புறம் பெயர்ந்து கம்பி தெரிகிறது. இதன்மேல் சாந்தைப் பூசி மறைப்பது பெருந்தவறு. உள்ளே துரு வளர்ந்து கம்பி பருப்பதனாலேயே கான்கிரீட் பெயர்கிறது. அதன் காரணத்தை நீக்காமல் பூசியது, உறங்குவோர் மீது விழும். இத்தகைய வீட்டை வட்டார வளர்ச்சி அலுவலகப் பொறியாளரிடம் உடனே காட்டுங்கள்.

இடித்த கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்குவதற்கும் வரம்பு உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2016ஆம் ஆண்டுத் தரவிதி, சோதனையில் தேறிய மறுபயன் ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம் 25 வரையிலான தரமுள்ள கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் அனுமதிக்கிறது. அடித்தளப் படுகையாக இடும் மெலிந்த கலவையில் முழுதுமே அதனை இடலாம். நம் ஊரில் கையால் உடைத்த ஜல்லிக்குச் சோதனை வசதி இல்லையாதலால், அதனைத் தரைப்படுகைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஊராட்சியின் பங்கு

ஒருவர் வீட்டில் மிஞ்சுவது மற்றொருவர் வீட்டில் தேவைப்படுவது இயல்பு. ஒருவரிடம் 200 ஓடு மிஞ்சும். அடுத்த தெருவில் ஒருவர் 150 ஓட்டுக்கு அலைவார். இவ்விருவரையும் சேர்த்து வைப்பது ஊராட்சியால் எளிதில் ஆகக்கூடிய தொண்டு. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, வீடு பிரிப்போர் மிச்சப் பொருளையும், கட்டுவோர் தேவையையும் எழுதச் செய்யலாம். இடம் இருந்தால் மேட்டு நிலத்தில் கூரை போட்ட சிறு கிடங்கும் அமைக்கலாம்.

கழிவைக் கொட்டுவதற்கு ஓர் இடத்தைக் குறித்துக் கொடுப்பது அடுத்த கடமை. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கெனத் தனி விதிகளை மத்திய அரசு 2016ஆம் ஆண்டில் வகுத்தது. அதனைத் தரம் பிரித்து வைக்கும் பொறுப்பைக் கழிவை உண்டாக்குபவர்மீதே சுமத்தியது. நகரத்துக்குச் சொன்னது கிராமத்துக்கும் நன்மையே. வாய்க்காலில் கொட்டிய ஒரு வண்டிக் கழிவு கடைமடையில் ஒரு போகத்தைக் கெடுக்கும். அதே கழிவு, களத்துமேட்டுப் பாதையின் பள்ளத்தில் இட்டுத் திமிசு போட்டால், மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றில் அழுந்தாமல் காக்கும்.

வீட்டுவசதித் திட்டங்களின்கீழ் உதவி பெறுவோர் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்தைப் போன்றவற்றில், வீட்டுக்குக் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. பணமும் வேலை நிலையைப் பார்வையிட்ட பின் தவணையாகவே வரும். பழைய பொருளை எந்தெந்தப் பகுதியில் பயன்படுத்தலாம் என்பதைத் தொடக்கத்திலேயே பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால், பின்னர்த் தவணை தடைபடாது.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் சென்ற ஆண்டு எத்தனை வீடுகள் இடிக்கப்பட்டன? அவற்றின் மரமும் ஓடும் செங்கல்லும் எங்கே சென்றன?

2. உங்கள் வீட்டுச் சுவர்களில் எத்தனை செங்கல் இருக்கும்? கூரையில் எத்தனை ஓடு? இப்பாடத்தில் கூறிய கணக்கின்படி எழுதுக.

3. சுண்ணாம்புச் சாந்து அரைக்கவும், சுருக்கித் தளம் தட்டவும் தெரிந்த முதிய கொத்தனார் உங்கள் வட்டாரத்தில் உளரா? அவரிடம் இளைஞர்கள் அத்தொழிலைக் கற்க ஊராட்சி என்ன ஏற்பாடு செய்யலாம்?

4. கட்டடக் கழிவு கொட்டப்பட்டுள்ள குளமோ வாய்க்காலோ உங்கள் ஊரில் உண்டா? அக்கழிவைப் பாதை வேலைக்கு எடுத்துக்கொள்ள எத்தனை நாள் வேலை ஆகும்?

5. ஊராட்சியில் பழம்பொருள் பதிவேடு ஒன்றைத் தொடங்கினால் அதனை யார் பொறுப்பில் விடுவது? இதனை அடுத்த கிராம சபையில் எடுத்துரைத்து முடிவு செய்க.